குளத்துப் பாசியில் எரியும் அடுப்பு

2021 நவம்பரில் குமரி மாவட்டம் முழுக்க வெள்ளம் வந்தபோது எங்கள் ஊர்க் குளத்தில் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால் அடைத்துக்கொண்டது. குளம் நிறையப் படர்ந்து கிடந்த வெங்காயத்தாமரை ஒழுக்கோடு நகர்ந்து வந்து மறுகால் வாயில் சுவர் போல நின்றுவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் கரையேறி எங்கள் விளைக்குள் இறங்கியது. குலை தள்ளி நின்ற ஏத்தன் வாழை நூற்றுக்கு மேல் அழுகிப் போனது. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் ஆணும் பெண்ணுமாக இறங்கி வெட்டுகத்தியால் அந்தப் பாசியை அறுத்து இழுத்துக் கரையில் போட்டோம். இரண்டு நாளில் ஆள் உயரத்துக்கு மேல் குவியல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இதை வைத்து ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனதில் விழுந்தது.

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் எங்கள் தெருவிலேயே உண்டு. நாங்கள் பேச்சில் குளத்தில் மிதப்பது எல்லாவற்றையும் பாசி என்றே சொல்வோம். ஊதாப் பூ பூக்கும், காம்பு வெங்காயம் போலப் பருத்த இந்தச் செடிக்கு அந்தப் பக்கம் குளவாழை என்று பெயர். தென் அமெரிக்காவில் பிறந்தது. பூ அழகாக இருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. 1936-இல் இதை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் ஒரு சட்டம் போட வேண்டி வந்திருக்கிறது. வெயிலும் சத்தும் இருக்கும் தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சாண எரிவாயுக் கலன் இருந்தது. தீனபந்து என்ற வகை, 2 கன மீட்டர், தொழுத்துக்கு, அதாவது மாட்டுக் கொட்டிலுக்கு, பின்னால் மண்ணுக்குள் கட்டியது. அதற்குத் தினமும் 50 கிலோ சாணி வேண்டும். எங்களிடம் இருந்தது மூன்று மாடு. மேய்ச்சலில் போவது போகக் கையில் கிடைப்பது 30 கிலோ. கலன் எப்போதும் அரை வயிற்றோடுதான் இருந்தது. தினமும் இரண்டரை மணி நேரம் அடுப்பு எரியும், அவ்வளவுதான். மீதிச் சமையலுக்கு சிலிண்டரும், தென்னைக் கொதும்பும் ரப்பர் விறகும். 2022 மே மாதம் சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டியபோது, குறைகிற 20 கிலோவுக்குக் குளத்துப் பாசியைப் போட்டால் என்ன என்று தோன்றியது. மாமி மட்டும், “மக்களே, இது தண்ணிப் புல்லு. இதுல எங்க தீ இருக்கு?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் செய்தது பெரிய தவறு. வேரோடு பிடுங்கிய செடியைக் கையால் இரண்டாக மூன்றாக முறித்து, சாணிக் கரைசலோடு உள்ளே தள்ளினேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் போடும் குழாயில் கரைசல் இறங்க மறுத்தது. மூன்றாவது வாரம் தீ சிறுத்து, ஒரு நாள் காலையில் அடுப்பு பற்றவே இல்லை. பாறசாலையிலிருந்து கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டேன். கலனைக் கட்டியவர் அவர்தான். வந்து பார்த்துவிட்டு ஒரு காம்பை எடுத்துக் குறுக்கே நறுக்கிக் காட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி, முழுக்கக் காற்று. “மிதக்கத்தானே இதைப் படைச்சிருக்கு. குழிக்குள்ள போட்டாலும் மிதக்கும்” என்றார். அதேதான் நடந்திருந்தது. செடி எல்லாம் மேலே எழுந்து மெத்தை போல இறுகிக்கொண்டதில், கீழே உண்டாகிற வாயு மேலே வர முடியவில்லை. வேரோடு போன மண்ணும் மணலும் அடியில் படிந்து இடத்தைப் பிடித்திருந்தன.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்று கூட வந்த ஒரு பையன், வெளியேறும் தொட்டி வழியாக உள்ளே இறங்கி அள்ளிவிடுகிறேன் என்று சட்டையைக் கழற்றினான். கொத்தனார் அண்ணன் சத்தம் போட்டு நிறுத்தினார். கலனுக்குள் அடுப்பில் எரிகிற வாயுவான மீத்தேன் இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், மூச்சுவிடக் காற்று இருக்காது. அந்த நாற்றத்தை நம்பவும் கூடாது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவனைத் தூக்க இறங்கியவனும் சேர்ந்து சாகிற செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. எவ்வளவு அடைத்தாலும் உள்ளே யாரும் இறங்கக் கூடாது, பக்கத்தில் தீக்குச்சி கூடாது. நாங்கள் நீளக் கம்பில் கொக்கி கட்டி வெளியிலிருந்தே இழுத்தோம். மூன்று நாள் ஆனது. அப்புறம் வெறும் சாணி மட்டும் போட்டு, தீ பழையபடி வர ஐந்து வாரம் காத்திருந்தோம்.

அடுத்து, நறுக்கிப் போட்டுப் பார்த்தேன். மாட்டுக்குப் புல் வெட்டும் எந்திரத்தில் ஒரு அங்குலத்துக்குக் குறைவாக நறுக்கினால் காற்றறைகள் உடையும். அதற்கு முன் வேரை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு நாள் வெயிலில் வாடப் போட்டேன். வாட்டுவது ஏன் என்றால், பச்சைச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். 45 கிலோ பச்சை வாடினால் 15 கிலோவுக்குள் வந்துவிடும். சுமக்கவும் எளிது, கலனில் இடமும் மிச்சம். இது ஓரளவு வேலை செய்தது. ஆனால் நார் செரிக்க நாளாகும் என்பதால் மேலே ஆடை கட்டுவது முழுக்க நிற்கவில்லை. வாரம் இரண்டு முறை கம்பால் கலக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் வெயிலை நம்பவும் முடியாது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வாடப் போட்டது அழுகி, ஈ மொய்த்து, பக்கத்து வீட்டில் சண்டை வரும் அளவுக்கு ஆகிவிட்டது. அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

வழி கிடைத்தது வேறொரு இடத்தில். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் தேடி எடுத்துக் கொடுத்தவற்றில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிபட்டது. ஒன்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இலைதழைகளை எரிவாயுவாக்கப் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். சாணிக்காகக் கட்டிய கலனில் இலையைப் போட்டால் மிதக்கும் என்பது அங்கும் முதல் தலைவலியாக இருந்திருக்கிறது. இன்னொன்று, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எஸ்.ஏ. அப்பாசி குழுவினர் நீர்க்களைகளில் செய்த வேலை. செடியைக் கலனுக்குள் விடாமல், தனியாக ஒரு தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, இறங்கும் சாற்றை மட்டும் கலனுக்குக் கொடுப்பது. படித்ததும் எனக்கு இட்லி மாவுதான் ஞாபகம் வந்தது. முதலில் புளிப்பு, அதற்கு அப்புறம்தான் மற்றது. செடியில் உள்ள மாவும் சர்க்கரையும் நாரில் கொஞ்சமும் முதல் சில நாளில் அமிலமாக மாறித் தண்ணீரில் கரையும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் கலனுக்குள் சாணியில் ஏற்கெனவே இருக்கின்றன. நார் வெளியிலேயே நின்றுவிடுவதால் மிதக்கிற பிரச்சினை இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு. வேர் நீக்கி நறுக்கிய பாசி 150 கிலோ ஒரு தொட்டியில், வாட்டத் தேவையில்லை. அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு வாளி பழைய சாணக் குழம்பு. மேலே ஓலைக்கீற்று போட்டுக் கல் வைத்து அமுக்கிவிடுவோம். தினமும் ஒரு முறை கிளறல். ஐந்தாவது நாள் மணம் மாறும், பழங்கஞ்சி மாதிரி ஒரு புளிப்பு. அன்றிலிருந்து அடிக்குழாயைத் திறந்து, கொசுவலையில் வடிகட்டி, தினமும் 30 லிட்டர் சாறு எடுக்கலாம். சாணியைக் கரைக்கத் தண்ணீர் ஊற்றுவோம் இல்லையா, அந்தத் தண்ணீருக்குப் பதிலாக இந்தச் சாறு. கூடுதல் வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான். முதல் தொட்டி வடியும்போது இரண்டாவதை நிரப்பிவிடுவோம். பத்து நாளுக்கு மேல் ஊறவிட்டால் தொட்டியிலேயே குமிழி விட ஆரம்பிக்கும். அடுப்புக்கு வர வேண்டியது காற்றில் போகிறது என்று அர்த்தம்.

தொடங்கும்போது அவசரப்படக் கூடாது. முதல் வாரம் தினம் 5 லிட்டர், அடுத்த வாரம் 10, இப்படி ஒரு மாதம் எடுத்துக்கொண்டு முழு அளவுக்கு வந்தோம். நடுவில் ஒரு முறை ஆசைப்பட்டு ஒரேயடியாகக் கூட்டியதில் கலன் புளித்துவிட்டது. அடுப்பில் தீ நிற்காமல் தாவித் தாவி அணைந்தது, வெளியேறும் குழம்பில் புளிச்ச வாடை. மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுக்குப் புளிப்பு அதிகமானால் தாங்காது. சாற்றை நிறுத்தி, சாணி மட்டும் போட்டு, இரண்டு நாள் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு விட்டதில் பத்து நாளில் சரியானது. கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய லிட்மஸ் தாள் அன்றிலிருந்து அடுக்களையில் இருக்கிறது.

கிடைப்பது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கணக்கு. முன்பு இரண்டரை மணி நேரம். அதே 30 கிலோ சாணியோடு சாறு சேர்த்த பிறகு மூன்றேகால், நல்ல வெயில் காலத்தில் மூன்றரை. அந்தக் கூடுதல் முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 45 கிலோ பச்சைப் பாசி போகிறது. வாரத்தில் இரண்டு நாள் காலை ஒன்றரை மணி நேரம் இரண்டு பேர் குளத்தில் நிற்கிறோம், ஒவ்வொரு முறையும் எட்டு கடவம், அதாவது பெரிய கூடை. கூலி கொடுத்து இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. ஒரு கன மீட்டர் சாண வாயு சுமார் 430 கிராம் சமையல் வாயுவுக்குச் சமம். அந்தக் கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 33 கன மீட்டர் வேண்டும். பச்சைப் பாசியில் மட்டும் அதை எடுக்க நினைத்தால் எங்கள் அனுபவத்தில் மூன்று டன்னுக்கு மேல் அள்ள வேண்டும். மாமி கேட்ட கேள்வியின் பாதி உண்மை இதுதான்: இது பெரும்பாலும் தண்ணீர், தண்ணீரைச் சுமப்பதுதான் செலவு. பாசியை லாரியில் ஏற்றித் தூரத்தில் இருக்கும் கலனுக்குக் கொண்டுபோவதாக யாராவது திட்டம் சொன்னால், முதலில் டீசல் கணக்கைக் கேளுங்கள். எங்கள் தொழுத்து குளக்கரையிலிருந்து எழுபதடி. அதனால்தான் எங்களுக்கு இது ஓடுகிறது.

சாறு வடிந்த சக்கையைச் சொல்லாமல் விடக் கூடாது. எனக்கு வாயுவைவிடப் பெரிய லாபம் அதில்தான். சக்கையைத் தொழுத்துக் கூளத்தோடு அடுக்கி மட்கவிட்டு, கலனிலிருந்து வரும் குழம்பையும் ஊற்றி வாழைக்குப் போடுகிறேன். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் என்னும் இயற்கை வள மேம்பாட்டு அமைப்பில் சாணக் குழம்பை உரமாக்குவதைப் பற்றி வெகுநாளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள். அதை வீட்டில் செய்து பார்க்க எனக்கு இந்தப் பாசிதான் காரணமானது. இரண்டு வருடமாக மட்டி வாழைக்கு யூரியா வாங்கவில்லை. ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தச் செடியின் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், கலனுக்குள் போனால் எல்லாம் செத்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால் பூ விரியும் முன்பே பறிக்கிறோம். உரத்தை மேட்டு விளைக்கு மட்டும் போடுகிறோம், ஓடைக்கும் சானலுக்கும் பக்கத்தில் போடுவதே இல்லை.

காயவைத்து விறகு போல அடைகள் தட்டலாம் என்றும் சொல்கிறார்கள். மரத்தூள் கலந்து ஒரு சாக்கு செய்து பார்த்தோம். காய இரண்டு வாரம், எரிந்த பின் தட்டு நிறையச் சாம்பல், புகையில் கண் எரிச்சல். எங்கள் ஈரக் காற்றுக்கு அது பொருந்தவில்லை.

எந்தக் குளத்துப் பாசியையும் எடுக்கலாமா என்றால், கூடாது. இந்தச் செடி ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சி வேரில் சேர்த்து வைக்கும். ஆலைக் கழிவோ சாயக் கழிவோ சேரும் நீர்நிலையில் வளர்ந்ததன் உரத்தைச் சாப்பிடும் பயிருக்குப் போடக் கூடாது. பொதுக் குளம் என்றால் பஞ்சாயத்திலும் நீர்வளத்துறையிலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது நல்லது, மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு ஏழு மாதம் அலைச்சல். தண்ணீரில் இறங்குபவர்கள் முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் போட வேண்டும். காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் எங்கள் பக்கம் சாதாரணமாக வருகிறது. முதலில் கம்பால் தட்டி அசைத்துவிட்டுத்தான் கை வைப்போம், பாம்பு இதன் மேல் சுருண்டு கிடக்கும்.

அடுப்பைப் பற்றியும் ஒன்று. சிலிண்டர் அடுப்பின் சின்னத் துளையில் சாண வாயு சரியாக எரியாது, இதற்கென்று விற்கும் அடுப்புதான் வேண்டும். பாசிச் சாறு சேர்த்த பிறகு முட்டை நாற்றம் கொஞ்சம் கூடியது. குழாயின் நடுவில் ஒரு டப்பாவில் துருப்பிடித்த இரும்புச் சுருள் அடைத்து வைத்திருக்கிறோம். லேத் பட்டறையில் சும்மாவே கொடுப்பார்கள். நாற்றம் அதில் நின்றுவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாடப் பரப்பி வைத்தால் மறுபடி உதவும். பரப்பும்போது சூடேறும், காய்ந்த ஓலைப் பக்கம் வைக்க வேண்டாம்.

இத்தனை சொன்ன பிறகு, குளம் சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நெருக்கமாகப் படர்ந்த ஒரு ஹெக்டேரில் 200 முதல் 400 டன் வரை பாசி நிற்கும். நாங்கள் மாதம் எடுப்பது ஒன்றரை டன்னுக்கும் குறைவு. நாங்கள் ஒரு மூலையில் அள்ளும்போது மற்ற மூன்று மூலையிலும் அது பெருகும். ஒரு வீட்டு அடுப்பால் ஒரு குளத்தைக் காலி செய்ய முடியாது, அதற்கு எந்திரம் இறங்க வேண்டும். ஆலப்புழை போயிருந்தபோது பார்த்தேன், அங்கே காயலில் உப்புத் தண்ணீர் ஏறும் மாதங்களில் இது தானாகக் கருகிவிடுமாம். நம் குழித்துறை ஆற்றிலும் வெள்ளத்தில் போகிற பாசி தேங்காய்ப்பட்டணத்துக் கழிமுகத்தில் உப்புப் பட்டுச் செத்துப்போகும். ஊர்க் குளத்துக்கு அந்த வழி இல்லை.

இது ஏன் இங்கே இவ்வளவு செழிக்கிறது என்று நான் வெகுநாள் யோசிக்கவில்லை. ஒரு நாள் பாசி அள்ளிக்கொண்டு நிற்கும்போது எந்த மூலையில் காம்பு பருத்து, இலை கறுத்துப் பச்சையாக இருக்கிறது என்று கவனித்தேன். ஓடை வந்து விழும் மூலை. அந்த ஓடையில் மேலே ஏழெட்டு வீட்டுத் தொழுத்துக் கழுவின தண்ணீர் வருகிறது, சோப்புத் தண்ணீர் வருகிறது. எங்கள் தொழுத்துத் தண்ணீரும் அதில்தான் போய்க்கொண்டிருந்தது. கலனுக்குப் போதவில்லை என்று நான் தேடிய சாணிதான் குளத்துக்குப் போய்ப் பாசியாக வளர்ந்து, அதைத் திரும்பவும் நான் தலையில் சுமந்து வந்திருக்கிறேன். அன்று மாலையே எங்கள் தொழுத்துத் தரையைக் கொத்திச் சாய்வை மாற்றி, கழுவும் தண்ணீர் சாற்றுத் தொட்டிக்கே வரும்படி செய்தோம். மூத்திரமும் சாணியும் கலந்த அந்தத் தண்ணீரில் பாசி இன்னும் சீக்கிரம் புளிக்கிறது.

மேல வீட்டு மைனியிடம் இரண்டு மாடு இருக்கிறது. போன தையில் அவர்களும் ஓடையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் குழாய் போட்டார்கள். சாணி இப்போது 45 கிலோவுக்கு வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் வாயு போகிறது, காலை அவர்களுக்கு, மாலை எங்களுக்கு. மற்ற வீடுகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

குளத்தில் நாங்கள் பிடித்து வைத்திருப்பது மறுகால் வாயிலிருந்து இருபதடி இடமும் பெண்கள் குளிக்கும் கடவும் மட்டும். அந்த இருபதடியில் மூங்கில் கட்டி மிதவை போட்டிருக்கிறோம், நடுக்குளத்துப் பாசி உள்ளே வராமல் இருக்க. போன அக்டோபர் மழையில் தண்ணீர் அந்த வழியே நிற்காமல் போனது. இந்த வருட மழைக்கு முன் மூங்கிலை மாற்ற வேண்டும், இரண்டு இடத்தில் உளுத்துவிட்டது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்குகிறோம்.